அசைவதெல்லாம் காற்று

காற்றுக்குத் தாளம் கிடையாது. வானியல் கேமராக்களோடு ஒன்பது வருடம் மல்லுக்கட்டிய ஜிஜாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் திங்கட்கிழமை சாயங்காலம் காற்றின் அசைவைக் காட்டித் திரையில் ஓடிய கோடு, நான்கு விநாடிக்கு ஒருமுறை ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறியது.

பெரிய தொலைநோக்கிக்குப் போகவேண்டிய கணினி நிரலை, பாறசாலை வீட்டு மாடியறையில் ஒரு சின்னத் தொலைநோக்கியை வைத்துத்தான் முதலில் சோதித்தாள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் சர்ச் கோபுரத்தில் எரியும் விளக்குதான் அவளுக்கு நட்சத்திரம். இடையிலிருக்கும் காற்று அந்த ஒளியைக் குலுக்கும். நிரல் குலுக்கலை அளந்து, குட்டிக் கண்ணாடி ஒன்றை அதற்கு எதிராக வளைத்து, ஒளியை அசையாப் புள்ளியாக்கிவிடும். குலுங்கும் காற்று எத்தனை மீட்டரில் இருக்கிறது என்றும் சொல்லும். வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்று அவள் ஒரே விதிதான் எழுதியிருந்தாள்: அசைவதெல்லாம் காற்று, அழித்துவிடு.

அன்று தூரம் அறுநூறு மீட்டர். ரப்பர் தோட்டம். நெய்யாற்றின்கரையில் வேலையிலிருந்த கணவன் சஜுவுக்குப் போன் செய்தாள்.

"அங்க ரப்பர் ஷீட்டு உணக்குத புகைப்புரை உண்டு. அதுக்க சூடாக்கும். நீ பேடிக்காத," என்றான்.

ஷீட் காயவைக்கும் கொட்டகையின் வெக்கைதான் என்று அவளும் நம்பினாள். செவ்வாயன்று முந்நூறு, குளத்தங்கரை. புதனன்று நாற்பது, வீட்டு கேட். புகைப்புரை நடந்து வருமா என்று கேட்டதற்கு, லென்ஸ் கேடாகியிருக்கும் என்று சிரித்தான்.

வியாழனன்று மழைக்கு முந்தைய புழுக்கம். ரப்பர் பாலின் புளித்த வாடை அறை முழுக்க அப்பிக்கிடந்தது, வெளியே ஒரு தென்னோலைகூட அசையவில்லை, ஜன்னலுக்கும் லென்ஸுக்கும் நடுவே தரையில் ஐந்து வயது மகள் சானு முதுகு காட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள், அவள் பென்சில் உரசுவதைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லை.

தூரம் பதினொன்று. கிணறு.

ஏழு.

ஜிஜா பாய்ந்து போய் ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது, மனதில் வேறு எதுவுமே இல்லை. திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடி வழியாகவும் விளக்கு தெரிந்தது, அசையாமல், அழகாக. நான்கு நாளாக வந்துகொண்டிருந்ததை அவளே படத்திலிருந்து அழித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

திருத்தத்தை நிறுத்தினாள். அளப்பது மட்டும் ஓடியது.

விளக்கு உப்பியது. சுருங்கியது. உப்பியது. நான்கு விநாடி. நான்கு விநாடி.

லென்ஸிலிருந்து ஜன்னலுக்கு இரண்டு மீட்டர். திரையில் தூரம் ஒன்று.

"அம்மா, எனக்க கழுத்தில ஊதாத," என்றாள் சானு, தலையைத் திருப்பாமல்.

ஜிஜாவின் இரண்டு கைகளும் விசைப்பலகை மேல் இருந்தன. ஃபேன் ஓடவில்லை. பிள்ளையின் பிடரி மயிர் மெல்ல எழுந்து, படிந்து, மறுபடியும் எழுந்தது.