கிள்ளானுக்குக் கடத்தப்பட்டவர்கள்

“கொன்னுட்டாங்க...! பட்டப்பகல்ல கொன்னுட்டாங்க!”

போன் காதைக் கிழித்தது.

ஷாமினியின் கையிலிருந்த தே தாரிக் டீ குலுங்கி, கீபோர்டில் சிந்தியது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மாடியில் உட்கார்ந்து, அந்த வட்டாரக் கடைகளின் வெப்சைட்டுகளைக் கவனித்துக்கொள்பவள் அவள். அலறியவர் யுகேந்திரன். வைரமணி சில்க்ஸ் முதலாளி. அவளுடைய வாடிக்கையாளர்களிலேயே பெரிய கடை... பெரிய தொண்டை!

“யாரை பாஸ்?”

“என் வியாபாரத்தை! ரவாங்லேர்ந்து ஒரு கல்யாண பார்ட்டி இப்ப போன் பண்ணுது. ‘அங்கிள், உங்க கிள்ளான் பிராஞ்ச் சூப்பர் லா! முகூர்த்தப் புடவை எடுத்துட்டோம்’னு!”

“உங்களுக்குத்தான் கிள்ளான்ல பிராஞ்சே இல்லையே?”

“இல்ல! அங்க இருக்கறது என் மச்சான் தம்புசாமி கடை! நம்ம வெப்சைட்டைத் தட்டுனா அவன் கடை திறக்குது. நீயே தட்டிப் பாரு!”

தட்டினாள்.

யுகேந்திரனின் வெப்சைட் முகவரி... திரையில் தம்புசாமியின் சிரித்த முகம்!

‘தீபாவளி ஆஃபர்! கிள்ளானுக்கு வாங்க!’

ஷாமினி இன்னொரு தரம் தட்டினாள். மறுபடியும் தம்புசாமி!

“நீயும் அவனும் கூட்டு!” யுகேந்திரன் உறுமினார். “போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல காரை நிறுத்தியிருக்கேன். உன் மேல ரிப்போர்ட் குடுக்கப் போறேன். கடைக்காரங்க வாட்ஸ்அப் குரூப்லயும் உன் பேரைப் போடப் போறேன்!”

போலீஸைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் அந்த வாட்ஸ்அப் குரூப்...! அதில் பெயர் நாறினால், பொழுது சாய்வதற்குள் அவளுக்கு ஒரு கடைகூட மிஞ்சாது.

“ஆளுங்களை அங்க திருப்பி விடுற கம்ப்யூட்டர் எங்க இருக்கு, சொல்லு. போலீஸோட வந்து தூக்குறேன்!”

“கம்ப்யூட்டரே இல்ல பாஸ்.”

“ஓ... ஒளிச்சு வச்சுட்டியா?”

“ஐயோ! கிளவுட்ல ஒரு சின்ன புரோகிராம் பாஸ். நீங்க கடை பேரை மாத்துனீங்க. ஆனா துணிப்பையிலயும் காலண்டர்லயும் பழைய வெப்சைட் முகவரிதான். அதைத் தட்டுறவங்களைப் புது முகவரிக்கு அனுப்பணும்ல? இதுக்குன்னு ஒரு சர்வரை நாள் பூரா ஓட விடணுமா? இது, யாராச்சும் தட்டுனா முழிக்கும்... ‘அந்தப் பக்கம் போ’ன்னு சொல்லும்... மறுபடி தூங்கிடும்.”

“நம்ம கடை வாட்ச்மேன் மாதிரியா?”

“அவரு முழிக்கவே மாட்டாரே பாஸ்!”

ஷாமினி அந்தப் புரோகிராமைத் திறந்தாள்.

அவள் எழுதிய வரிகளுக்குக் கீழே... அவள் எழுதாத வரிகள்!

வாரத்தின் ஏழு நாட்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நேரம். திங்கள் காலை... புதன் மதியம்... ஞாயிறு சாயங்காலம்... அந்த நேரத்தில் யார் தட்டினாலும் நேராகக் கிள்ளான்! மற்ற நேரமெல்லாம் பரம சாது போல வைரமணிக்கே.

தினமும் நேரத்தை மாற்றி ஆளைக் கடத்தும் கில்லாடி! யார் அவன்?

வரிகளைச் சேர்த்தவன் பெயரும் அங்கேயே இருந்தது.

நிர்மலன்!

அவளுடைய பழைய பார்ட்னர். இப்போது ஷா ஆலமில் பெரிய கம்பெனியில் வேலை. துரோகி... தம்புசாமி இவனை விலைக்கு வாங்கிவிட்டாரா?

யோசிக்க அவகாசம் வேண்டும். பேச்சை வளர்த்தாள்.

“ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன்னீங்க. இன்னும் ஏன் பாஸ் உள்ள போகல?”

“ராகு காலம் லா! முடியட்டும், போறேன்.”

ஷாமினியின் தலை மெல்லத் திரும்பியது.

சுவரில் தினசரி காலண்டர். வைரமணி சில்க்ஸ் இலவசமாகக் கொடுத்தது. தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் ராகு காலம்.

இன்றைய தாளையும் திரையையும் பார்த்தாள். பொருந்தியது. தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

ஏழு நாளும் அப்படியே பொருந்தியது!

“பாஸ்... லைன்லயே இருங்க.” நிர்மலனையும் அதே அழைப்பில் சேர்த்தாள். “டேய்! வைரமணி புரோகிராம்ல கையை வச்சது நீதானே?”

“ஆமா லா.” நிர்மலன் எதையோ மென்றுகொண்டே பேசினான். “நீ அப்ப லங்காவித் தீவுல ஹனிமூன். வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் மறுக்காம செஞ்சு குடுன்னு சொல்லிட்டுத்தானே போன?”

“எந்த வாடிக்கையாளர்டா?”

“இரு. வாய்ஸ் மெசேஜ் இன்னும் இருக்கு.”

சின்னக் கரகரப்பு. அப்புறம் அந்தத் தொண்டை... ஊரறிந்த தொண்டை!

“நிர்மலன்! ராகு காலத்துல எவனாச்சும் நம்ம வெப்சைட்டைத் தட்டுனா, அப்படியே கிள்ளானுக்குத் தள்ளி விட்டுரு! பீடையெல்லாம் அந்த தம்புசாமி வீட்டுக்கே போகட்டும்!”



பீடை போகவில்லை. பட்டுப்புடவை எடுக்க வந்த கல்யாண வீடுகள் போயிருந்தன! வேளை தவறாமல்... மாதக் கணக்கில்... பாஸ் செலவில்!

“ரிப்போர்ட்ல யார் பேரை எழுதலாம் பாஸ்?” ஷாமினி இனிமையாகக் கேட்டாள்.

“ஷாமினிம்மா... அது ஏதோ கோவத்துல சொன்னது...” தொண்டை பூனைக்குட்டியாகியிருந்தது. “குரூப்ல எல்லாம் ஒண்ணும் போடலம்மா.”

“சரி பாஸ். அந்த வரிகளை இப்பவே எடுத்துடறேன். இந்த நிமிஷம்கூட யாரோ கிள்ளானுக்குப் போயிட்டிருக்காங்க!”

விரல் பட்டனை நெருங்கியது.

“ஐயோ, கையை எடு லா! நல்ல காரியம் ஆச்சே... ராகு காலம் முடியட்டும்!”