பாதிப் படம்

அந்த வகுப்பில் கொட்டாவி விடவே பயப்படும் பையன் ஒருவன் இருந்தான். அவனுக்குப் பட்டப்பெயரே 'கொட்டாவி'தான். வகுப்பில் கொட்டாவி வந்தால் உதட்டைக் கடித்து, கண்ணில் நீர் முட்ட, அப்படியே விழுங்கிவிடுவான்.

எல்லாம் அவனுடைய கொள்ளுத்தாத்தாவால் வந்த வினை. அவர் அந்தக் காலத்தில் ஆற்றுப்பாலத்துக் காவலாளி. பெருவெள்ளம் வந்த இரவில் யாரையும் எழுப்பாமல் குறட்டை விட்டுத் தூங்கினாராம். ஊரே அப்படித்தான் சொன்னது. இணையத்திலும் அப்படித்தான் இருந்தது. பெஞ்சில் சுருண்டு படுத்திருக்கும் அவர் படத்தை ஒருவர் போட, அதைப் பார்த்து இன்னொருவர் போட, எங்கே தேடினாலும் அதே படம், அதே கதை. அவன் வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

மறுநாள் பள்ளியில் வரலாற்றுக் கண்காட்சி. வெள்ளத்தைப் பற்றிய சுவரொட்டி, அச்சுக்கடைக்கார அம்மாவின் மகள் தலையில் விழுந்தது. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் அவளை எல்லோரும் 'ஏனம்மா' என்பார்கள்.

"அந்தப் படத்தையா போடப்போற?" என்றான் கொட்டாவி.

"வெள்ளத்துக்கு வேற படமே கிடைக்கலையேடா."

"சரி, போடு. நான் நாளைக்கு வயித்துவலின்னு வீட்டுலயே இருந்துக்கறேன்."

நாளைக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. கண்காட்சி முடிந்த பிறகும் சுவரொட்டி வகுப்பில்தான் தொங்கும். வருஷம் முழுக்க வயிற்றுவலி என்று சொல்ல முடியுமா? ஏனம்மாவுக்கு மனசே சரியில்லை.

மாலையில் கடையில் அம்மா படத்தைப் பெரிதாக்கினார். காவலாளியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

"என்னடி இது? மூக்கு எது, மீசை எதுன்னே தெரியல. ஒரிஜினல் இருந்தா தேடிக் கொண்டு வா. இதை அடிச்சுக் கொடுத்தா என் கடை பேருதான் கெடும்."

ஏனம்மா கணினி முன் உட்கார்ந்தாள். சொல்லுக்குப் பதில் படத்தையே கொடுத்துத் தேடினாள். ஒரு தளம் இன்னொரு தளத்தைக் கை காட்டியது. அது வேறொன்றைக் கை காட்டியது. கடைசியில் ஆவணக் காப்பகத்தின் தளத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கே பழைய படங்களை அப்படியே நகலெடுத்து, யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்ற விவரத்தோடு வைத்திருந்தார்கள்.

படம் மெதுவாகத் திறந்தது. முதலில் காவலாளி. பிறகு பெஞ்சு. அதற்குப் பிறகும் படம் முடியவில்லை.

பெஞ்சுக்குக் கீழே போர்வைகளுக்குள் குழந்தைகள் வரிசையாகத் தூங்கினார்கள். காவலாளியின் சட்டையில் நெஞ்சுவரை சேறு. தூக்கத்திலும் அவர் கை ஒரு கயிற்றை விடாமல் பிடித்திருந்தது. படத்தின் பின்பக்கமும் தளத்தில் இருந்தது. படம் எடுத்தவரே அதில் எழுதியிருந்தார்: 'வெள்ளத்துக்கு மறுநாள் காலை. இரவெல்லாம் கயிறு கட்டி இவர் கரையேற்றிய பிள்ளைகளோடு.'

"அம்மா! அவர் தூங்கினது நிஜம்தான். ஆனா மறுநாள்!"

அம்மா எட்டிப் பார்த்தார். "அடப்பாவிங்களா, பாதியை வெட்டிட்டாங்களே!"

"ஏன் வெட்டினாங்க?"

"இடம் பத்தலைன்னு வெட்டியிருப்பாங்க. நானே எத்தனை கல்யாணப் படத்துல ஓரத்துல நின்ன சித்தப்பாவை வெட்டியிருக்கேன்!"

ஏனம்மா அவசரப்படவில்லை. அந்த வாரத்துச் செய்தித்தாளையும் அதே தளத்தில் தேடிப் படித்தாள். அதிலும் கயிறு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். குறட்டையைத்தான் காணோம்.

பின்பக்கத்து எழுத்தோடு சின்னதாக ஒரு படம் அச்சடித்துக்கொண்டு கொட்டாவி வீட்டுக்கு ஓடினாள். அவன் எழுத்தைப் படித்துவிட்டு, போர்வைக்குள் இருந்த பிள்ளைகளை விரல் வைத்து ஒவ்வொருவராக எண்ணினான்.

"வயித்துவலி எப்படிடா இருக்கு?"

"அது நாளைக்குத்தானே வரணும்?" என்றான். "இனிமே வராது."

மறுநாள் சுவரை அடைத்துக்கொண்டு முழுப் படமும் தொங்கியது. பின்பக்கத்து எழுத்தை டீச்சர் உரக்க வாசித்தார். வகுப்பே படத்துக்கு முன்னால் வந்து குவிந்தது.

"இத்தனை பேரையும் இவர் ஒருத்தரா காப்பாத்தினாரு?" என்று ஒரு குரல் கேட்டது.

"பின்னே? எங்க கொள்ளுத்தாத்தாவாச்சே!" என்றான் கொட்டாவி.

முந்தின இரவு சந்தோஷத்தில் அவனுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. இப்போது படத்தின் பக்கத்தில் நின்றபடி, வகுப்பே பார்க்க, வாயை ஆவென்று திறந்து முழுசாக ஒரு கொட்டாவி விட்டான்.