வெயில் பக்கத்து மீன்கள்

காலை ஏழு மணி. குளத்தில் மரமில்லாத பக்கம் மீன்குஞ்சுகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. ஒரு பருவத்து உழைப்பு அப்படியே செத்துக் கிடந்தது. பண்ணைக்காரி அழவில்லை. அடுத்த மனையிலிருந்த சாயப்பட்டறையைக் கைகாட்டினாள்.

"அந்தச் சாயக்காரம்மா விட்ட தண்ணிதான். இன்னிக்கே சீல் வைக்கணும்."

புகாருக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் அவளுடைய பள்ளித்தோழி. இருவரும் நீந்தப் பழகியது இதே குளத்தில்தான். படியில் கால் வைத்ததுமே தார் வாசனை மூக்கில் ஏறியது. தோழியின் அப்பா படகுக்குத் தார் பூசிய விடுமுறை நாட்கள், கூட நின்று பூசிவிட்டுக் கை எரிகிறது என்று அழுதது, சட்டைக் கறைக்கு அம்மாவிடம் வாங்கிய அடி, எல்லாம் இன்ஸ்பெக்டருக்கு ஞாபகம் வந்தன. அந்த அடிகூட இப்போது இனித்தது. தோழியின் அப்பா போய்ச் சேர்ந்துதான் பல வருஷமாகிறது.

எதிர்ப்பக்கம் மரநிழல். அங்கேயும் தண்ணீர்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மினுங்கியது. ஆனால் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன.

சாயக்காரம்மா வாசலை மறித்து நின்றாள்.

"கழிவுத் தண்ணி எங்க போகுது?"

"தொட்டிக்கு. நம்பலன்னா எறங்கிப் பாருங்க. பட்டறைக்குப் பூட்டுப் போட்டா என் வயித்துக்கும் சேத்துப் போட்டுட்டுப் போங்க."

தொட்டியில் கசிவு இல்லை.

பண்ணை அலுவலறையில் தோழியின் தம்பி உட்கார்ந்திருந்தான். தலை நரைக்கத் தொடங்கியும் எல்லோருக்கும் அவன் 'வாத்து'தான். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான். இன்ஸ்பெக்டர் ஜன்னலைத் திறந்தாள். வெயில் உள்ளே விழுந்ததும் வாத்து நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நேத்து எங்கடா இருந்தே?"

"கொட்டகையில. பழைய சாமான் ஒதுக்கினேன்."

"சாயக்காரம்மா தண்ணி விட்டதைப் பாத்தியா?"

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"சட்டைக் கையை மடி."

அவன் கூடவே வந்து நின்ற அக்காவைப் பார்த்தான். பிறகு மடித்தான். முன்கை முழுவதும் சிவந்து கொப்பளித்திருந்தது. கடிகாரம் மறைத்த இடம் மட்டும் தப்பியிருந்தது.

"இவன்தான்" என்றாள் இன்ஸ்பெக்டர். "சாயம்னா குளம் முழுக்கச் செத்திருக்கும். ஒரே தண்ணி, நிழல்ல இருக்கறது பிழைச்சிருக்கு. எல்லாரும் தண்ணியையே பாத்தோம், வெயிலைப் பாக்கல. தார்ல ஆந்த்ரசீன் மாதிரிப் பொருள்கள் இருக்கு. குடும்பப் பேரு பல்வளைய அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன். சொல்லி முடிக்கறதுக்குள்ள மீனே செத்துடும். உடம்புல ஏறினப்புறம் வெயில் பட்டா அதோட விஷம் பல மடங்கு. மீனுக்கும் அப்படித்தான், இவன் கைக்கும் அப்படித்தான்."

வாத்து தலைகுனிந்தான்.

"அப்பாவோட படகுதான், அக்கா. உன் பிறந்தநாளுக்கு ஓட்டிக் காட்டலாம்னு நேத்துக் காலையில தார் பூசினேன். பிரஷ்ஷையும் டப்பாவையும் மண்ணெண்ணெய் விட்டுப் படியிலயே கழுவிட்டேன்."

"காலையிலயே ஏன்டா சொல்லல?" என்றாள் அக்கா.

"நீ அவங்களைக் கைகாட்டிட்டே. நானும் வாயை மூடிக்கிட்டேன்."

படகு என்றதும் பண்ணைக்காரிக்குக் கண் நிறைந்தது. ஆனால் மீன் போனதைவிட, தம்பி வாய்மூடி நின்றதுதான் வலித்தது.

"எழுந்திரு. கைகாட்டினது நான், நானும் வரேன்."

பட்டறை வாசலில், உச்சி வெயிலில், வாத்து ஒன்றுவிடாமல் சொன்னான். சாயக்காரம்மாவுக்கு முகம் சிவந்தது.

"அக்காவும் தம்பியுமா சேந்து என்னை நடுத்தெருவுல நிறுத்தப் பாத்தீங்க."

அவள் பார்வை அவன் கைகளில் விழுந்தது. பிறகு கதவை அகலத் திறந்தாள்.

"மிச்சத் திட்டை உள்ள வந்து வாங்கிக்க. இந்தக் கையோட வெயில்ல நிக்காத."