வெறுமையாக விட்ட கோடு

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பிணவறையை ஒட்டின அறையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக அன்றுதான் சேர்ந்தான். மேல்மாடியில் அவன் மனைவிக்குப் பிரசவ வலி. முதல் குழந்தை. கூப்பிட்ட குரலுக்கு ஓடலாம் என்றுதான் இந்த வேலையையே கேட்டு வாங்கியிருந்தான். அறையில் மருந்து நெடிக்கு அடியில் வேறொரு வாடை, லேசாக இனித்தது.

உடலை ஒப்படைக்கும் படிவத்தைத் திறந்ததுமே அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முன்பு இதே நாற்காலியில் வேலை பார்த்து, இதிலேயே உயிரை விட்ட ஆபரேட்டர் அக்கா அடித்தது. பெயர் எழுதும் இடமெல்லாம் அண்டர்ஸ்கோர் கீயை அழுத்திப் பிடித்துக் கோடு இழுத்திருந்தாள். எதையாவது தட்டினால் கோடு அடுத்த வரிக்குப் பிதுங்கி விழுந்தது. போதாததற்கு, ஒவ்வொரு கோட்டின் தலையிலும் ஒரு பெருக்கல் குறி.

"கோடு போடத் தெரியாத ஜென்மத்துக்கு எவன் சம்பளம் குடுத்தான்?"

வாசலில் நின்ற பிணவறைக் காவலர் குரலைத் தாழ்த்தினார். "அதுல கை வைக்காதீங்க சார். கோட்டை வெறுமனே விட்டா அது தானா எழுதிக்கும்னு அக்கா சொல்லுவாங்க. அதான் அந்தக் குறி."

"எழுதிக்கட்டுமே. எனக்கு வேலை மிச்சம்."

இந்த மாதிரி ஆட்களோடு பேசுவதே தண்டம் என்பது அவன் கட்சி. குறிகளை வழித்தெறிந்தான். வலது ஓரத்தில் டேப் கீக்கு ஒரு நிறுத்தம் வைத்து, அதுவரை கோடு தானாக ஓடும்படி அமைத்தான். எத்தனை எழுத்து அடித்தாலும் கோடு அதற்கேற்பச் சுருங்கும், ஓரம் இம்மி விலகாது. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

அறை சில்லிட்டது.

'இறந்தவர் பெயர்' என்ற கோட்டில் ஓர் எழுத்து விழுந்தது. அவன் கை கீபோர்டில் இல்லை.

இன்னொன்று.

எழுத்து விழ விழக் கோடு ஒழுங்காகச் சுருங்கிக்கொண்டு வந்தது. அவன் மனைவியின் பெயர்! அழித்தான். திரும்ப வந்தது. கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினான். அப்போதும் வந்தது. ஒயரை மறுபடி செருகினான்.

"அக்கா பேரு என்ன? சொல்லுய்யா!"

காவலர் ஒரு பெயரை முணுமுணுத்தார். மனைவியின் பெயரை அழித்துவிட்டு அதை அடித்தான். செத்தவளுக்கு இன்னொரு சாவா வரப்போகிறது?

கோடு அடங்கியது.

போன் அடித்தது. மாடியிலிருந்து நர்ஸ். "பொண்ணு பொறந்திருக்கு சார். அம்மாவும் நல்லா இருக்காங்க."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அதைத் துடைப்பதற்குள் பழைய இளக்காரமும் வந்துவிட்டது. "உங்க பேயை ஒரே வரியில ஏமாத்திட்டேன், பாத்தீங்களா?"

காவலர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் பெயர் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தது. கோடு ஓரம் வரை நீண்டது. பிறகு நிதானமாக நிரம்பியது.

இறந்தவர் பெயர்: இன்னும் வைக்கவில்லை.

உடலைப் பெறுபவரின் உறவு: அப்பா.

மாடிப்படியில் யாரோ அவசரமாக இறங்கி ஓடிவரும் சத்தம் கேட்டது.