ஒரு காஜா தள்ளி

காலை எட்டு மணிக்கு வேன் வந்து நின்றபோது தெருவில் ஈ காக்கை இல்லை. அண்ணன் பூட்டைத் திறந்ததும் தைல வாடை முகத்தில் அடித்தது. அம்மா போய் ஏழு மாதம் ஆகியும் அந்த வாடை மட்டும் போகவில்லை. நாளை வீட்டை வாங்கியவர்களிடம் சாவியைக் கொடுத்தாக வேண்டும். அதற்குள் படத்தின் கடைசிக் காட்சியை இங்கேதான் எடுப்பேன் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான்.

படக்குழு என்றால், ஓட்டுநரையும் சேர்த்து ஐந்தே பேர். அண்ணனே இயக்குநர், அண்ணனே கேமரா. ஒலிப்பதிவு செய்பவர்தான் டீயும் போடுவார். தங்கைக்குக் கன்டினியூட்டி. ஒரு ஷாட்டில் இருக்கிற கப்பும் உடுப்பும் அடுத்த ஷாட்டில் இம்மியும் மாறாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அது. அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று அண்ணன் பெருமையடித்துக்கொள்வான்.

காட்சி சின்னதுதான். ஜன்னலோர நாற்காலியில் ஒரு தாய் டீக் கப்புடன் மகளுக்காகக் காத்திருக்கிறாள். உடுப்புக்குத் தனியாகச் செலவழிக்க வழியில்லாததால் நடிகை அம்மாவின் சாம்பல் நிற ஸ்வெட்டரையே போட்டுக்கொண்டார்.  தங்கை பட்டன்களைச் சரிபார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு விலகினாள்.

முதல் டேக் முடிந்தது.

"அக்கா, பட்டன் மாறியிருக்கே?" என்று தங்கை நடிகையிடம் கேட்டாள். எல்லாப் பட்டன்களும் அதனதன் துளையை விட்டு ஒரு காஜா தள்ளி மாட்டியிருந்தன.

"நான் தொடவே இல்லைம்மா. ரெண்டு கையும் கப்புலதானே இருந்துச்சு."

சரிசெய்தாள். இரண்டாவது டேக்கிலும் மாறியது. மூன்றாவதிலும்.

"என்ன விளையாட்டா இது? நேரம் போயிட்டிருக்கு!" என்று அண்ணன் கத்தினான். எடுத்ததை மானிட்டரில் ஓடவிட்டான்.

நடிகையின் இரண்டு கைகளும் கப்பின் மேல் இருந்தன.

மேல் பட்டன் மெதுவாகக் கழன்றது.

பக்கத்துக் காஜாவைத் தேடியது. வழுக்கியது. மறுபடி தேடியது. ஒரே ஒரு கை, அதுவும் நடுங்குகிற கை, அதைப் போட முயல்வதுபோல.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றினார். "யாரோ மூச்சு வாங்குறாங்க," என்று கிசுகிசுத்தார்.

நடிகை ஸ்வெட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். அண்ணனும் தங்கையும்தான் மிஞ்சினார்கள்.

"அண்ணா, அம்மா போன அன்னிக்கு அவங்க சும்மா உட்கார்ந்திருக்கலை," என்றாள் அவள்.

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு வலது கை விளங்காது. அன்று காலை, நானும் உன்னோடு வர்றேன்டி, வெளியே பார்த்து எவ்வளவு நாளாச்சு என்று கெஞ்சினாள். மகளுக்கு ஷூட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. "முதல்ல பட்டனை ஒழுங்கா போடு. அப்புறம் கூட்டிட்டுப் போறேன்" என்று எரிந்துவிழுந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். சாயங்காலம் வந்தபோது அம்மா அதே நாற்காலியில் ஜில்லிட்டுக் கிடந்தாள். பட்டன்கள் ஒரு காஜா தள்ளி மாட்டியிருந்தன.

"யாரும் வர்றதுக்குள்ள நான்தான் சரிபண்ணினேன். தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

அண்ணன் கேமராப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றான்.  திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் ஸ்வெட்டரை எடுத்து நாற்காலி முதுகில் போட்டாள். எதிரே மண்டியிட்டாள்.

"போதும்மா. எப்படிப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. வா, போகலாம்."

எதுவும் அசையவில்லை. அவள் அழுது தீர்க்கும்வரை அண்ணன் பக்கத்திலேயே இருந்தான். பிறகு ஸ்வெட்டரை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். கடைசிக் காட்சி எடுக்கப்படவே இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

வேனில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. சாமான் வைக்க இடமில்லாமல் திண்டாடியபோதும் யாரும் அங்கே எதையும் வைக்கவில்லை. அழுத களைப்பில் அவள் கண்ணயர்ந்தாள். தைல வாடையில் விழிப்பு வந்தது.

குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். கழுத்துப் பட்டனை அவள் ஒருநாளும் போட்டதில்லை. இப்போது கழுத்துவரை எல்லாமே மாட்டியிருந்தன, ஒரு காஜா தள்ளி.

அவள் சரிசெய்யவில்லை.