ஆறு நாற்பது வெளிச்சம்

சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு ஹால் சுவரில் விழுந்த வெளிச்சம், நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

கார்த்திகா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். ஹாலில் தேங்கிப்போன ஊதுபத்தி வாசனையும், பக்கத்து ஃப்ளாட் குக்கர் விசிலும், பாரிவாக்கம் ரோட்டு ஹாரன்களும் ஒன்றாகச் சேர்ந்து அவள் களைப்பின் மேல் படிந்தன. கணவன் ஸ்ரீநாத் வண்டியை காம்பவுண்டுக்குள் திருப்பும்போது ஹெட்லைட் அந்தச் சுவரில்தான் விழும். லாரி மோதி அவன் போய்ப் பதின்மூன்று நாள். நசுங்கிய வண்டி போலீஸ் ஸ்டேஷனில் கிடந்தது.

அவன் போன அன்றைக்குச் சுவரே வெளுக்கிற மாதிரி ஒரு வெளிச்சம், நாலைந்து விநாடி. வந்துவிட்டான் என்று பாலை அடுப்பில் வைத்தாள். பால் பொங்கிய பிறகுதான் ஃபோன் வந்தது.

மறுநாளும் அதே நேரத்துக்கு வெளிச்சம் வந்தது. தினமும் மங்கியது. பிறகு ஏறத் தொடங்கியது.

வாட்ச்மேன் சம்பந்தத்தை இன்டர்காமில் கேட்டாள். "ஒரு வண்டியும் வரலம்மா. கேட்டை சாத்திக்கினு இங்கதான் கீறேன்," என்றார்.

தொலைநோக்கி அனுப்பும் ஒளி அளவுகளைப் பார்ப்பது அவள் வேலை. பெரிய நட்சத்திரம் சாகும்போது முதலில் சில விநாடி காமா கதிர் வெடிப்பு. அப்புறம் மங்கல். அடங்கிவிட்டது என்று நினைக்கையில், பத்துப் பதினைந்து நாளில், அதே இடத்தில் ஒளி மறுபடி ஏறும். சூப்பர்நோவா. அப்போ ஸ்டார் திரும்பி வந்துடுமா என்று ஆறு வயது வர்ஷா ஒருமுறை கேட்டாள். இல்லடா, சிதறின அதன் உடம்புதான் விரிஞ்சு வருது என்று மகளுக்குச் சொல்லியிருந்தாள்.

தனக்குப் பைத்தியமில்லை என்று நிரூபிக்கத் தினமும் சுவரைப் படமெடுத்து அளந்திருந்தாள். இன்றைய புள்ளியையும் வரைபடத்தில் வைத்தாள். நட்சத்திரத்தின் ஒளி வளைவும் சுவரின் ஒளி வளைவும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தின.

உச்சம், இன்று.

வர்ஷா வழக்கம்போல் கதவருகே உட்கார்ந்திருந்தாள். அப்பா ஊருக்குப் போயிருக்கார், வந்துடுவார் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள்.

விபத்தன்று காலை அவன் அவசரத்தில் "போறேன்" என்றான். அப்படிச் சொல்லாதே, சரியாகச் சொல் என்று இவள்தான் பிடிவாதம் பிடித்தாள். பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறி வந்தான்.

"போயிட்டு வரேன் தாயே. போதுமா?"

அவள் சிரித்தாளே தவிர, பதிலுக்கு 'வா' என்று சொல்லவில்லை.

வெளிச்சம் இன்று அணையவில்லை.

பெட்ரோல் வாசனை. ஈர இரும்பின் வாசனை. படியில் காலடி. ஒரு ஜோடி இல்லை. நிறைய. சின்னச் சின்னதாக. படி முழுக்கப் பரவி.

கதவுக்கு வெளியே நின்றன.

"வந்துட்டேன். போதுமா?"

அவன் குரல்தான். பதில் சொல்லக் கூடாது. கார்த்திகா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தன் வாயை மட்டும்.

"வாப்பா," என்றாள் வர்ஷா.

தாழ்ப்பாள் அசையவில்லை. சுவரில் மகளின் நிழல் கையை மேலே நீட்டியது. சுவரெங்கும் இருந்து கரிய துணுக்குகள் ஊர்ந்து வந்தன. அந்தச் சின்னக் கையைச் சுற்றி, ஒவ்வொன்றாக, விரல்களாகிக்கொண்டிருந்தன.