காத்திருக்கும் முகம்

அந்த அறையில் இருந்தவன் மற்றவர்களைப் போலத்தான் சிரித்தான். ஆனால் நடுநடுவே நிறுத்தினான். கில்பர்ட் முதலில் கவனித்தது அந்த நிறுத்தத்தைத்தான்.

லண்டன் மதிலுக்கு வெளியே, சாக்கடை வாய்க்காலை ஒட்டி நின்ற பித்தர் விடுதியில் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் குறைந்துகொண்டிருந்தது. ஈர வைக்கோலும் மூத்திரமும் வெந்த முட்டைக்கோசும் கொழுப்பு மெழுகுவர்த்தியின் புகையும் கலந்த வாடை அந்த நீண்ட நடையின் கல் சுவர்களிலேயே ஊறிப்போயிருந்தது. கிராம்பு குத்திய ஆரஞ்சுப் பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு ஒரு சீமாட்டி கடந்து போனாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் கொட்டைகளைக் கடித்து உடைத்து, ஓடுகளைக் கம்பிகளுக்கிடையே எறிந்தார்கள். ஒவ்வொரு அறையிலிருந்தும் ஓலமோ பாட்டோ பிரசங்கமோ சங்கிலி இழுபடும் ஓசையோ வந்துகொண்டே இருந்தது. எதிலும் இடைவெளி இல்லை. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மழை தன்பாட்டுக்குப் பெய்வது போல அவை பெய்துகொண்டிருந்தன.

இவன் மட்டும் வைக்கோலைப் பின்னிக் கிரீடம் போல ஒரு முடி செய்து, தலையில் சூடி, சிரித்து, சட்டென்று நிறுத்தினான். வலது கால் சற்று முன்னால். தலை இடப்பக்கம் சாய்ந்து. உதடுகள் மயிரிழை பிரிந்து. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றான். பிறகு முடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து பின்னத் தொடங்கினான்.

அந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று கில்பர்ட்டுக்குத் தோன்றியது. எங்கே என்று பிடிபட்டபோது கம்பியிலிருந்து ஓரடி பின்வாங்கினான்.

கில்பர்ட் ஒரு நடிகன். தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் ஒரு நாடகக் கொட்டகையில் சின்ன வேஷங்கள் கட்டுபவன். கோடையில் ஒரு பித்தன் வேஷம் கிடைத்தது. கண்ணை உருட்டி, மயிரைப் பிய்த்துக்கொண்டு ஆடினான். நடுங்க வேண்டிய சனம் விழுந்து விழுந்து சிரித்தது. குழுவின் மூத்தவர் ஆல்ஸ்டன் கோபப்படவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று மட்டும் சொன்னார். ஏன் அப்படி ஆடினோம் என்று கில்பர்ட்டுக்குத் தெரியும். அவனுடைய அப்பா கட்டில் காலில் கட்டுண்டு, யாரையும் அடையாளம் தெரியாமல் செத்தவர். அதனால் பித்தை அவன் எப்போதும் வாசலுக்கு வெளியே நிறுத்தியே நடித்தான். உள்ளே விட்டால் அது திரும்பிப் போகாது என்று பயந்தான்.

இப்போது ஆல்ஸ்டன் கொடுத்திருந்த வேஷமோ வாசலைத் திறக்கச் சொன்னது. எதிரிகளிடம் சிறைப்பட்ட கப்பல் தலைவன் ஒருவன், தலை தப்புவதற்காகப் பித்தனாக நடிக்கிறான். கடைசிக் காட்சியில் அவன் தங்கை வந்து ஒரு பேச்சுப் பேச, நடிப்பை உதறிவிட்டுத் தெளிந்து எழுகிறான். நிஜம் போலப் பித்தேற வேண்டும். பிறகு இறங்கவும் வேண்டும். கில்பர்ட்டைத் தூங்கவிடாமல் அடித்தது இந்த இரண்டாவது விஷயம்தான். அதற்காகத்தான் பித்தர்களைப் பார்க்க வந்திருந்தான்.

நாடகக்காரர்கள் யாருக்கும் முழு நாடகத்தைக் கொடுப்பதில்லை. அவரவர் பேச வேண்டியதை மட்டும் ஒரு சுருளில் எழுதித் தருவார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் மேலே, முன்னால் பேசுபவனுடைய கடைசிச் சொற்கள் இரண்டு மூன்று இருக்கும். அதுதான் எடுப்பு. மேடையில் எடுப்பு காதில் விழுந்தால் வாயைத் திறக்க வேண்டும். விழாவிட்டால், கொட்டகையே இடிந்தாலும், செய்துகொண்டிருந்ததையே செய்துகொண்டு நிற்க வேண்டும். அப்படி நிற்பவனுக்கு ஒரு முகம் உண்டு. வாய் தயாராக இருக்கும். காது மட்டும் உயிரோடிருக்கும்.

கம்பிக்குப் பின்னால் இருந்தது அந்த முகம்.

காவலாள் ரேஃப் பருத்த உடம்புக்காரன். எதையும் மென்றுகொண்டே பேசுவான். கையில் காசு விழுந்ததும் கதை சொன்னான். இவன் பெயர் ஹம்ஃப்ரி. "உங்க கூட்டந்தான் ஐயா. கூத்தாடி," என்று கில்பர்ட்டைப் பார்த்துக் கண்ணடித்தான். பல வருஷத்துக்கு முன் ஏதோ புது நாடகத்தின் முதல் ஆட்டம். கடைசிக் காட்சியில் பெண் வேஷக்காரன் வெளியே வர வேண்டும். வரவில்லை. திரைக்குப் பின்னால் அக்குளில் கட்டியோடு விழுந்து கிடந்தான். கொள்ளை நோய் என்று யாரோ கத்த, கொட்டகை ஒரு நொடியில் காலியானது. மேடையில் இவன் மட்டும் வைக்கோல் முடி பின்னிக்கொண்டு நின்றானாம்.

"கூட்டாளிங்க விளையாடறான்னு நெனச்சாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, அடிச்சாங்க, அழுதாங்க. எதுக்கும் மசியல. இன்னும் ஏதோ ஒண்ணு வரணும்கற மாதிரி நின்னானாம். பாருங்க, இப்பவும் நிக்கறான்."

கப்பல் தலைவன் கதை, யாரும் சீண்டாமல் கிடந்த பழைய நாடகமாக ஆல்ஸ்டன் வாங்கியது என்பது கில்பர்ட்டுக்கு நினைவுக்கு வந்தது. தன் சுருளில் எழுதியிருந்ததும் நினைவுக்கு வந்தது: வைக்கோலில் முடி செய்து சூடு. சிரி. நிறுத்து.

ஹம்ஃப்ரிக்குப் பித்தில்லை. எடுப்பு வரவில்லை. அவ்வளவுதான்.

அந்த எடுப்புச் சொற்கள் எழுதிய சுருள் கில்பர்ட்டின் மடியிலேயே இருந்தது. கம்பியில் வாய் வைத்துச் சொன்னால் போதும். சொல்லவில்லை. ஒரு நாடகத்தின் கடைசி எடுப்பை முதல் ஆட்டத்துக்கு முன் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் நாடகம் ஆளை விடாது என்பது கொட்டகையில் எல்லோருக்கும் உள்ள பயம். அதைத் தனக்கே காரணமாகச் சொல்லிக்கொண்டான். உண்மைக் காரணம் வேறு. அந்தச் சிரிப்பு அவனுக்கு வேண்டும். ஆட்டம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு அடிக்கடி வந்தான். ரேஃப் அவனை அறைக்குள்ளேயே விட்டு வெளியே பூட்டினான். மேலங்கியையும் தொப்பியையும் ஆணியில் மாட்டிவிட்டு, சட்டையோடு வைக்கோலில் உட்கார்ந்து, ஹம்ஃப்ரியின் விரல்கள் பின்னுவதைப் பார்த்துத் தானும் பின்னினான். அவன் சிரித்தபோது சிரித்தான். அவன் நிறுத்தியபோது நிறுத்தினான். முதலில் இரண்டு நிறுத்தங்களுக்கும் நடுவே சிறு வித்தியாசம் கேட்டது. நாளாக ஆக அது கேட்கவில்லை.

வீட்டில் அவன் மனைவி சிஸ்லி எடுப்புக் கொடுப்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அவன் சொல்லிக் கொடுத்ததை நெஞ்சில் வைத்திருந்தாள், கடைசி ஒன்றைத் தவிர. வெங்காயம் உரித்துக்கொண்டே ராஜாவாகவும் சிறைக்காவலனாகவும் மாறி மாறிப் பேசுவாள். ஆரம்பத்தில் அவன் சிரிப்பைக் கேட்டு, "இந்தச் சிரிப்புக்குப் பேயா வரும்? பக்கத்து வீட்டுப் பூனைதான் வரும்," என்று கேலி செய்தாள். பிறகு கேலி நின்றது. ஒரு சாயங்காலம் கஞ்சிக்கு உப்பு போதுமா என்று கேட்டாள். அவன் கரண்டியைப் பிடித்தபடி, தலையைச் சாய்த்து, உதடு பிரிந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கணப்பில் விறகு வெடித்தது. ஆற்றுப் பக்கமிருந்து படகுக்காரன் ஒருவனின் குரல் வந்து தேய்ந்தது.

"என்ன கில்பர்ட்?" அவள் குரல் இறங்கியிருந்தது. "நான் வேற ஏதாவது சொல்லணுமா?"

போதும் என்று அவசரமாகச் சொன்னான். உப்பு போதும்.

அந்த வாரமே நோய்ச் சாவு கூடியது. கதவுகளில் சிவப்புச் சிலுவை போட ஆரம்பித்தார்கள். கொட்டகைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. மறுநாள் காலை குழு வண்டி கட்டிக்கொண்டு வடக்கே புறப்படும், நோயில்லாத ஊர்களில் பழைய நாடகங்களை ஆடும் என்று ஆல்ஸ்டன் சொன்னார். கப்பல் தலைவன் வேஷம் இனி எப்போதோ, யாருக்கோ. கில்பர்ட்டுக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் வந்தது. இனி அந்தச் சிரிப்பு தேவையில்லை. போகும் முன் ஹம்ஃப்ரிக்கு அந்தச் சொற்களைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால், தன்னிடம் ஒட்டிக்கொண்டதும் கழன்று விழும் என்று நினைத்தான்.

அன்று மதியத்துக்கு மேல் மூடுபனி நடைக்குள்ளேயே வந்திருந்தது. வேடிக்கை பார்க்க ஒருவரும் இல்லை. ரேஃப் அறையைத் திறந்து, பூட்டி, சாவியைக் குலுக்கிக்கொண்டு போனான். அவன் காலடி தேயும்வரை கில்பர்ட் காத்திருந்தான். மேலங்கியையும் தொப்பியையும் பழக்கத்தில் ஆணியில் மாட்டினான். பழக்கத்தில் உட்கார்ந்தான். பழக்கத்தில் விரல்கள் வைக்கோலை எடுத்தன.

ஹம்ஃப்ரி முடியைச் சூடினான். சிரித்தான். நிறுத்தினான்.

"விளக்கேற்றிவிட்டேன், வீட்டுக்கு வா," என்றான் கில்பர்ட்.

எந்த மேடையிலும் இதுவரை யாரும் சொல்லியிராத சொற்கள். அந்த அறையில் அவை மிகச் சிறிதாக ஒலித்தன.

ஹம்ஃப்ரியின் தலை நிமிர்ந்தது. நடுவில் எதுவும் இல்லை. அதிர்ச்சியோ அழுகையோ இல்லை. முடியைக் கழற்றினான். பிய்த்துப் போடாமல், குனிந்து, கில்பர்ட்டின் மடியில் வைத்தான். விரல்களால் தலைமயிரைக் கோதிக்கொண்டான். பிறகு கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டும் தெளிந்த குரலில் பேசினான்.

"நான் பித்தனல்ல, நண்பர்களே. தலையைக் காக்க அறிவை ஒளித்தேன். ஒளித்த இடத்திலேயே அது பத்திரமாக இருந்தது. கதவைத் திறவுங்கள்."

மற்ற அறைகளின் சத்தம் ஒரு கணம் அடங்கியது போலிருந்தது. ஹம்ஃப்ரி ஆணியிலிருந்து தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டான். மேலங்கியைப் போட்டுக்கொண்டான். அவனுக்குச் சரியாக இருந்தது.

ரேஃப் விளக்கோடு வந்தான். ஹம்ஃப்ரி அவனுக்கு வணக்கம் சொன்னான். பனி அதிகமாகிவிட்டதே, வீட்டில் குழந்தைகள் சுகமா என்று கேட்டான். ரேஃப் மெல்வதை நிறுத்திவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு வைக்கோலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தான்.

எழுந்திரு, என்று கில்பர்ட் தனக்குச் சொல்லிக்கொண்டான். பேசு. அது என் தொப்பி. என் பெயர் கில்பர்ட். எல்லாச் சொற்களும் வாயில் வரிசையாக நின்றன. எதற்கும் முறை வரவில்லை. தெளிந்தவனின் பேச்சை ஹம்ஃப்ரி பேசிவிட்டான். அது ஒரே ஒரு முறைதான் சுருளில் இருந்தது. அதற்கு மேல் சுருள் வெறுமை. விரல்கள் முடியை எடுத்துத் தலையில் வைத்தன.

சிரித்தான்.

நிறுத்தினான்.

வலது கால் தானாக முன்னால் நகர்ந்தது.

கதவு திறந்தது. ஒருவன் வெளியே போனான். கதவு மூடியது.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் சிஸ்லி வந்தாள். மூட்டை முடிச்சோடு வண்டியருகே காத்திருந்து, வண்டிகள் போன பிறகும் காத்திருந்து, கடைசியில் இங்கே வந்திருந்தாள். கையில் விளக்கு. அவள் ரேஃபிடம் மன்றாடுவது கில்பர்ட்டுக்கு நன்றாகக் கேட்டது. இது என் புருஷன், உனக்கே தெரியுமே, நேற்றுவரை பார்க்க வந்தவன்தானே என்றாள்.

"தெரியும்மா," என்றான் ரேஃப். "அது வேற ஆளு, இது வேற ஆளு, தெரியாமயா? ஆனா பேரையும் மூஞ்சியையும் பாத்தா இங்க பூட்டறோம்? ஒழுங்காப் பேசினா வெளிய. சிரிச்சா உள்ள. எனக்குச் சொல்லியிருக்கறது அவ்வளவுதான். உன் புருஷனை ஒழுங்கா ஒரு வார்த்தை பேசச் சொல்லு, இப்பவே தொறக்கறேன்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் முடி பின்னினான். அழுதாள். அவன் சூடிச் சிரித்தான். நிறுத்தினான். அவள் அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் உரிக்கும்போது பேசும் அதே குரலில் ராஜாவானாள்.

"யாரங்கே புலம்புவது?"

"நிலவுக்குக் காய்ச்சல், அரசே, அதற்கு ஈரத்துணி போடுகிறேன்," என்றது கில்பர்ட்டின் வாய்.

அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. என் கெட்டிக்காரி. சொல்லு. சிறைக்காவலனானாள், அவன் பதில் சொன்னான். கப்பல்காரனானாள், சொன்னான். ஒன்றன் பின் ஒன்றாக, தவறாமல், படிப்படியாக, மேலே, மேலே. வேடிக்கை பார்க்க வந்திருந்த சிலர் அவளுக்குப் பின்னால் கூடினார்கள்.

அவள் நின்றாள். அவளிடம் இருந்தது தீர்ந்துவிட்டது.

"வா கில்பர்ட்," என்றாள் மெதுவாக. "வீட்டுக்கு வா."

அவன் வாய் திறந்தது. நாக்கு எழுந்தது. பாதி. பாதிதான் அது. விளக்கு அவள் கையிலேயே எரிந்துகொண்டிருந்தது. விளக்கைச் சொல்லு, சிஸ்லி. விளக்கை.

அவள் சொல்லவில்லை. அவன் வாய் மூடிக்கொண்டது.

அப்போதுதான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தான். தன் தொப்பி. தன் மேலங்கி. ஹம்ஃப்ரி ஒரு கொட்டையைப் பல்லுக்கிடையில் வைத்து நிதானமாக உடைத்தான். வலது காலைச் சற்று முன்னால் வைத்துத் தலையை இடப்பக்கம் சாய்த்து, கம்பிக்குள் தெரிந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தான், பாடம் கேட்பவனைப் போல.

அவனுக்கு அந்தச் சொற்கள் தெரியும்.

மென்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தான்.